24 கோலி பாட்டிலில் ஜிஞ்சர் ஏல்

புதுச்சேரி நேரு வீதிக்குப் பக்கத்தில் ஒரு பல்பொருள் அங்காடி. "ஜிஞ்சர் ஏல் இருக்கிறதா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"மிக்சிங்குக்கா, மேடம்?"

எனக்கு 47 வயது. காட்டன் புடவை, தோள்பையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள். "குடிப்பதற்கு" என்றேன்.

"அதுதான் மேடம், எதோடு சேர்த்து?"

"எதோடும் சேர்க்காமல்."

பாவம், அவனுக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஆறு டின்களை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று காரக்கடலைப் பொட்டலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தான். அதையும் வாங்கிக்கொண்டேன்.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸை எல்லை தாண்டியதும் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் பைகளைத் திறந்து பார்ப்பது இந்தப் பாதையில் அன்றாடம் நடப்பதுதான். பெண் காவலர் ஒருவர் என் பையிலிருந்த டின்னை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஏல் என்றால் பீர் வகைதானே, டீச்சர்?" என்றார். என்னிடம் பிளஸ் டூவில் வேதியியல் படித்த பெண். பெயரில் மட்டும்தான் ஏல் இருக்கிறது, உள்ளே இருப்பது சர்க்கரை, இஞ்சி, சோடா, ஆல்கஹால் துளியும் இல்லை என்று விளக்கினேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. பஸ் முழுவதும் கேட்டது. நடத்துநர் சிரித்தார். இந்தப் பானத்தை இனி வீட்டிலேயே செய்துகொள்வது என்று நான் முடிவெடுத்தது பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது ஒரு விமானப் பயணத்தில். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது வயிற்றைப் புரட்டியது. பணிப்பெண் ஒரு சிறிய கோப்பையில் வெளிர்மஞ்சளாக எதையோ ஊற்றிக் கொடுத்து, இஞ்சிதான், வயிற்றுக்கு நல்லது என்றார். மருந்துதானே என்று கண்ணை இறுக்கிக்கொண்டு வாயில் வைத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. சோடாவின் சுருக்கு, எலுமிச்சைத் தோலின் வாசனை, ஒட்டாத இனிப்பு. இவ்வளவுதானா என்று விழுங்கினேன். மூன்று நொடி கழித்து, தொண்டையின் அடியிலிருந்து ஒரு கதகதப்பு மெதுவாக ஏறி வந்தது. வந்து சற்று நேரம் இருந்துவிட்டு, தானாகவே இறங்கிப் போயிற்று. அடுத்த மடக்குக்கு நாக்கு துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

நம் வீட்டு இஞ்சி இப்படி வராது. வாசலிலேயே நின்று அதட்டும்.

காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இஞ்சி மரப்பா அஜீரணத்துக்கு, சுக்குமல்லிக் காபி தலைபாரத்துக்கு, தீபாவளி லேகியம் முந்தின நாள் தின்ற பாவத்துக்கு. எங்கள் வீட்டில் இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். இஞ்சியை நோய் என்ற சாக்கு இல்லாமல் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து அனுபவிப்பதற்கு நம்மிடம் பழக்கம் குறைவு. எனக்கு அது சுத்தமாக இல்லை. இந்தப் பதிவில் நான் சொல்லப்போகும் என் அத்தனை தவறுகளும் அங்கிருந்து வந்தவைதான்.

முதல் தவறு, நொதிக்க வைத்தது. ஏல் என்ற சொல்லை நானே நம்பிவிட்டேன். கோடை விடுமுறை வேறு. ஜாடியில் இரண்டு தம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிவர வேண்டும். இஞ்சித் தோலில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் சர்க்கரையைத் தின்று பெருகும். மூன்று நான்கு நாளில் ஜாடி நுரைக்கும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நான்கு நாள் ஆயிற்று, ஐந்து நாள் ஆயிற்று. ஜாடி குளத்தைப்போல் அசைவற்றுக் கிடந்தது. ஆறாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. நான் தோலோடு துருவ வைத்திருந்த இஞ்சியை என் மாமியார் தினமும் இரவில் எடுத்துத் தோல் சீவி, கழுவி வைத்திருக்கிறார்.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு. இதுகூடத் தெரியாமல் என்ன டீச்சர் வேலை பார்க்கிறாய்?" என்றார்.

"அத்தை, அந்தத் தோலில்தான் ஈஸ்ட் இருக்கிறது."

"நானும் அதைத்தான் சொல்கிறேன். அதில் ஏதோ இருக்கிறது."

இரண்டாவது ஜாடியை அவர் கைக்கு எட்டாமல் பரணில் வைத்தேன். மூன்றே நாளில் அது சோடாவைப்போல் சீறியது. அதை இஞ்சிச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, பழைய ஸ்குவாஷ் பாட்டில்கள் மூன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அடைத்தேன். நான் படித்த செய்முறைகள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அறை வெப்பநிலையில் மூன்று முதல் ஐந்து நாள் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய அறை 20 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் என் சமையலறை 36 டிகிரி. இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்குவாஷ் பாட்டில் வெடித்தது. தெரு நாய்கள் குரைத்தன. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்த பிறகு பரணிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கும்போது, அரிசி டப்பாவின் மூடியில் ஒன்று குத்தி நிற்பதைப் பார்த்தேன். யாராவது அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலேயே கணக்கும் போட்டேன். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தேன். ஈஸ்ட் அதை முழுவதும் தின்று தீர்த்தால், எடையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். 50 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்றால், வெளியில் விட்டால் ஏறத்தாழ 25 லிட்டர் வாயு. நன்றாகச் சீறும் கடைச் சோடாவில்கூட லிட்டருக்கு நான்கு லிட்டர் வாயுதான் இருக்கும். இருபது ஆண்டுகளாக இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பரண் மேல் இருந்த பாட்டிலுக்கு அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நொதிக்க வைப்பவர்கள் யாராக இருந்தாலும் பிளாஸ்டிக் பாட்டிலையே பயன்படுத்துங்கள். விரலால் அழுத்திப் பார்த்துக் கல்லாக இறுகியதும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எங்கள் ஊர் மே மாதத்தில் அது ஒன்றரை நாளுக்கு மேல் தாங்காது.

பிழைத்த பிளாஸ்டிக் பாட்டிலைக் குளிரவைத்துத் திறந்தோம். புளிப்பு. கலங்கல். பதநீர் கள்ளாகத் திரும்பும் நேரத்து வாடை. என் கணவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் செய்தது ஜிஞ்சர் பீர். அது இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து வீடுகளில் நொதிக்க வைத்துக் குடித்த பானம். ஜிஞ்சர் ஏல் அதற்குப் பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் வந்தது. அங்கே நொதித்தல் கிடையாது. இஞ்சிப் பாகு தனி, வாயு ஏற்றிய தண்ணீர் தனி, இரண்டையும் பாட்டிலில் சேர்ப்பார்கள். அந்தப் பெல்ஃபாஸ்ட் பானம் பொன்னிறமாக, இனிப்புத் தூக்கலாக இருந்தது. 1904-இல் டொராண்டோவில் ஜான் மெக்லாக்லின் என்ற மருந்தாளுநர் நிறத்தையும் இனிப்பையும் குறைத்து வெளிறிய ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் வைத்த கனடா டிரை என்ற பெயரில் உள்ள 'டிரை' இனிப்பு குறைவு என்பதைத்தான் சொல்கிறது. பிறகு அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கள்ளச்சாராயத்தின் நாற்றத்தை மறைக்க ஏதாவது வேண்டியிருந்தது. இந்த வெளிறிய ஜிஞ்சர் ஏல் கைகொடுத்தது. விற்பனை எகிறியது, மானம் போயிற்று. புதுச்சேரிக் கடைப் பையன் என்னிடம் கேட்ட கேள்விக்கு வயது நூறு.

ஆக, பாகு. இதுவும் எளிதில் வரவில்லை.

முதல் சுற்றில் 300 கிராம் இஞ்சியை நறுக்கி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். வீடே மணந்தது. தெருவில் போனவர்கள்கூட, என்ன டீச்சர், வீட்டில் விசேஷமா என்றார்கள். ஆறவைத்துச் சோடாவில் கலந்து குடித்தால் மணமே இல்லை. இருந்ததெல்லாம் தெருவுக்குப் போய்விட்டது. இஞ்சியின் வாசனை எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதிக்கும்போது நம் மூக்கு மகிழ்கிறது என்றால் பானை ஏழையாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காரத்துக்கும் அதே கதிதான். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். சூட்டில் அது ஜிஞ்சரோன் என்ற சாதுவான பொருளாக மாறுகிறது. காய்ந்து சுக்காகும்போது ஷோகால் ஆகிக் காரம் கூடுகிறது. ஷோகா என்பது ஜப்பானிய மொழியில் இஞ்சி. அதிலிருந்து வந்த பெயர். இதற்கு மேல், கொதித்த பாகு கஞ்சித்தெளிவைப்போல் கொழகொழவென்று கலங்கியும் இருந்தது. இஞ்சியிலுள்ள மாவுச்சத்து சூட்டில் வெந்து கூழாகிவிட்டது. வெந்த மாவை எந்தத் துணியாலும் வடிகட்ட முடியாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் சுற்றில் அடுப்பே வேண்டாம் என்று பச்சை இஞ்சியை அரைத்துச் சாறு பிழிந்து சேர்த்தேன். இப்போது மணம் இருந்தது, காரமும் இருந்தது, கூடவே மருந்து நினைப்பும் வந்துவிட்டது. ஒரு வாய் குடித்ததும், அம்மா, எனக்கு ஜுரம் இல்லை என்று சொல்லத் தோன்றியது.

மூன்றாம் சுற்றில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். ஏலக்காய் ஒன்றும் கை தவறி விழுந்துவிட்டது. வந்தது பானகம். ஸ்ரீராம நவமிக்குக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பானகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வெல்லத்துக்குத் தானே பேசும் குணம் இருக்கிறது. இஞ்சியைப் பேச விடாது. வெள்ளைச் சர்க்கரைக்கு அந்தக் கர்வம் இல்லை. அதற்கு நாங்கள் தூரம் போகவும் வேண்டியதில்லை. பண்ருட்டி போகும் வழியில் நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது. பருவத்தில் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் நின்று திட்டியபடியேதான் நாங்கள் அந்தச் சாலையில் போவோம்.

கடைசியில் வழி காட்டியது அத்தைதான். இரண்டாம் சுற்றுச் சாறு ஒரு கிண்ணத்தில் மீந்திருந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஒரு தம்ளரில் ஊற்றிவிட்டு, அடியில் சுண்ணாம்பைப்போல் படிந்திருந்த வெள்ளையைக் கழுவு தொட்டியில் கவிழ்த்தார். "இது நஞ்சு. இஞ்சிச் சாற்றைத் தெளியவைக்காமல் யாராவது குடிப்பார்களா?" என்றார். அது நஞ்சல்ல, வெறும் மாவு. ஆனால் என் பாகைக் கெடுத்த மாவு அதுதான். வேகும் முன்பே அதைப் படியவைத்து இறுத்துவிட்டால் கலங்கலும் இல்லை, கூழும் இல்லை. நான் மூன்று வாரமாகத் தேடியதை அவர் தேன் கலந்த இஞ்சிச் சாற்றுக்காக ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார். தோல் விஷயத்திலும் தோற்றுப்போனேன். நொதிக்க வைக்கவில்லை என்றால் தோலுக்கு வேலையே இல்லை, மண்வாசனைதான் ஏறும். இப்போது அவரே சீவித் தருகிறார்.

இப்போது செய்யும் முறை இது. முற்றிய இஞ்சி 200 கிராம், இளம் இஞ்சி 50 கிராம். முற்றியதை உடைத்தால் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் காரம். இளசில் காரம் கம்மி, மணம் அதிகம். தோல் சீவித் துருவி, மல் துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றைக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். சக்கையைத் தூக்கிப் போடுவதில்லை. 600 மில்லி தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கி, அதில் சக்கையையும் தட்டிய சுக்கு 3 கிராமையும் போட்டு மூடி அரை மணி நேரம் விடுகிறேன். மாவு வேகாத சூடு அது. வெப்பமானி இல்லாதவர்கள், பாத்திரத்தின் அடியில் பொடிக் குமிழிகள் ஒட்ட ஆரம்பிக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். வடிகட்டி, இதையும் சாற்றையும் தனித்தனியாக ஓர் இரவு தெளியவைக்கிறேன். காலையில் அடிமண்டி கலங்காமல் இரண்டையும் ஒன்றாக இறுத்து, 350 கிராம் சர்க்கரை சேர்த்து, 75 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து இறக்குகிறேன். இந்தச் சூட்டை விட்டுவிட எனக்குத் துணிவில்லை. பச்சைச் சாற்றில் உயிரோடு இருக்கும் ஈஸ்ட் பாட்டிலுக்குள் போனால் பரண் கதை மறுபடியும் நடக்கும். இறக்கியதும் நான்கு எலுமிச்சையின் தோல், வெள்ளைப் பகுதி படாமல் சீவியது, பத்து நிமிடம் மட்டும். பிறகு 60 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஏறக்குறைய 850 மில்லி பாகு வரும். தேன் நிறம், பாட்டிலின் மறுபக்கம் செய்தித்தாள் வைத்தால் தலைப்பைப் படிக்கலாம்.

இனி வாயு. கடையில் வாங்கிய சோடா பாட்டிலைத் திறந்து பாகை ஊற்றினால், கலக்கும்போதே பாதி வாயு போய்விடுகிறது. 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சாதாரண அழுத்தத்தில் முக்கால் லிட்டர் வாயுகூடக் கரைந்து நிற்காது. பூஜ்யம் டிகிரியில் 1.7 லிட்டர் நிற்கும். வீட்டில் சோடா ஏற்றும் கருவி வாங்கலாமா என்று விலை பார்த்துக்கொண்டிருந்த நாளில், திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலிலிருந்து வரும் வழியில் பன்னீர் சோடா குடித்தேன். குடித்துக்கொண்டே கடைக்காரர் வேலை செய்வதைப் பார்த்தேன். பாட்டிலில் முதலில் பன்னீர்ப் பாகு, பிறகு இயந்திரத்தில் பொருத்திக் குளிர்ந்த வாயுத்தண்ணீர், பிறகு ஒரு கவிழ்ப்பு. உள்ளே இருக்கும் கோலி விழுந்து கழுத்து வாஷரில் அடைத்துக்கொள்கிறது. பெல்ஃபாஸ்டில் அன்றைக்குச் செய்ததும் அடிப்படையில் இதுதான். கோலி பாட்டிலே அந்தக் காலத்துச் சரக்கு. 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கியது. பிறந்த நாட்டில் அது வழக்கொழிந்துவிட்டது. கடலூரில் நான் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அண்ணே, நான் பாகு கொண்டுவந்தால் அடித்துத் தருவீர்களா?"

"என்ன பாகு, டீச்சர்?"

"இஞ்சி."

"இஞ்சி சோடாவா? எசன்ஸ் இருக்கிறதே நம்மிடம்."

எசன்ஸ் வேண்டாம் என்பதை அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. சரி, ஆறு பாட்டில் முயன்று பார்ப்போம் என்றார். பாட்டிலுக்கு 35 மில்லி பாகு ஊற்றினேன். முதல் பாட்டில் இயந்திரத்தில் ஏறியதுமே உள்ளே வெறும் நுரை. பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை. "உங்கள் பாகு சூடாக இருக்கிறது" என்றார். சூடாக இல்லை, வெளி வெயிலின் அளவில்தான் இருந்தது. அவருக்கு அதுவே சூடு. "தண்ணீர் எந்தக் குளிரில் இருக்கிறதோ அந்தக் குளிரில் பாகு இருக்கவேண்டும். துணியிலும் இன்னொரு முறை வடித்துக்கொண்டு வாருங்கள். தூசி இருந்தால் நுரைக்கும்." கண்ணுக்குத் தெரியாத துகள் ஒவ்வொன்றும் குமிழி பிறக்கும் இடம் என்று நான் வகுப்பில் சொல்வதை அவர் தூசி என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் பாகைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனேன். நுரை அடங்கியது. ஆறில் இரண்டு நன்றாக நின்றன. நான்கு மறுநாளே செத்துப்போயின. கோலியைத் தட்டினால் 'டப்' என்று வெடிக்காமல் முனகியது. குற்றம் வாஷரில். வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பரில் கோலி சரியாக உட்காரவில்லை. பன்னீர் சோடா அன்றன்றே விற்றுப்போவதால் அவருக்கு அது தெரியவில்லை. என் பானம் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியது. புது வாஷர்கள் வரவழைத்தார். கொக்கிக் கம்பியால் பழையதைக் கழற்றிப் புதியதைக் கழுத்துப் பள்ளத்தில் விரலால் நுழைக்கும் வேலையை எனக்கும் கற்றுக்கொடுத்தார். 24 பாட்டிலுக்கும் மாற்ற இரண்டு மணி நேரம். கட்டைவிரல் நகம் ஒன்று போயிற்று. 850 மில்லி பாகு, 35 மில்லி வீதம், சரியாக ஒரு பெட்டி. இந்தக் கணக்கு மட்டும் நான் திட்டமிடாமலே அமைந்தது.

இப்போது குடிப்பது.

பாட்டில் இரண்டு நாள் குளிர்பெட்டியில் கிடக்க வேண்டும். அன்றைக்கே திறந்தால் காரமும் இனிப்பும் இரண்டு பேர் இரண்டு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று திரும்பிய பிறகு, மாடியில். எவர்சில்வர் தம்ளர் வேண்டாம். அத்தையோடு இதில் எனக்குச் சண்டை. குளிர்ச்சி நிற்கும் என்கிறார். ஆனால் குமிழி ஏறுவதைப் பார்க்காமல் குடிப்பது பாதிக் குடிதான். மெல்லிய கண்ணாடித் தம்ளர். அதைக் கழுவித் தானாக உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் நூல் ஒட்டிக்கொண்டு அங்கே நுரைக்கும். பனிக்கட்டி கூடாது. அது உருகி நீர்த்துப்போவதோடு, அதன் சொரசொரப்பான பரப்பே வாயுவை விரட்டிவிடும்.

கட்டையால் கோலியைத் தட்டுங்கள். பாட்டில் கழுத்தில் இரண்டு மேடுகள் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துச் சரியுங்கள். கோலி அங்கே தங்கிக்கொள்ளும், வழியை மறிக்காது. தம்ளரின் உள்சுவர் ஓரமாக ஊற்றுங்கள். முதலில் மூக்கு. உடையும் குமிழிகள் எலுமிச்சைத் தோலின் எண்ணெயைத் தூக்கி எறிகின்றன; அது அரை நிமிடம்தான் இருக்கும், பேசிக்கொண்டே தவறவிட வேண்டாம். பிறகு ஒரு சிறிய மடக்கு. நாக்கு நுனியில் குறுகுறுப்பு. அது குமிழி உடைவதால் மட்டும் வருவதல்ல. நாக்கிலுள்ள ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடை அமிலமாக்குவதை நரம்பு உணர்ந்து சொல்வது. அதன் பின்னால் இனிப்பு, 100 மில்லிக்கு 7 கிராம் அளவில், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விழுங்குங்கள். இங்கே பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். மிளகாயின் கேப்சைசினும் இஞ்சியின் ஜிஞ்சராலும் வேதியியலில் உறவுக்காரர்கள். சூட்டை உணரும் அதே நரம்பு வாசலைத்தான் இரண்டும் தட்டுகின்றன. மிளகாய் கதவை உடைக்கும். இந்த நீர்த்த இஞ்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறது. சுக்கு சேர்த்ததன் பலன் அதற்கும் பிறகு, நெஞ்சுக்குழியில், ஒரு சிறு தணலாகத் தெரியும்.

கூடத் தின்ன பண்ருட்டி முந்திரி, நெய்யில் வறுத்து மிளகு தூவாமல். மிளகு தூவினால் இஞ்சிக்கு வேலை இருக்காது. காரக்கடலையும் அப்படியே, அந்தப் பையன் கொடுத்த பொட்டலம் டீயோடுதான் தீர்ந்தது. 200 மில்லியை 20 நிமிடத்தில் குடிக்கிறேன். கடைசி இரண்டு மடக்கில் வாயு குறைந்து எலுமிச்சை மேலே வரும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

முதல் பெட்டியை வைத்துப் பலருக்குக் கொடுத்துப் பார்த்தேன். என் கணவர், நன்றாகத்தான் இருக்கிறது, இதில் எதையாவது கலந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். பக்கத்து வீட்டம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வயிறு லேசாக இருக்கிறது என்றார். அவருக்கு அது மருந்தாகவே போயிற்று. சோடாக் கடைக்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "காரம் பத்தவில்லையா, அண்ணே?" என்று கேட்டேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இப்போதுதான் வருகிறது" என்றார். அத்தை இரண்டு நாளுக்கு ஒன்று என்று கணக்காக எடுத்துக்கொள்கிறார், அதுவும் எவர்சில்வர் தம்ளரில்.

சரிசெய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. ஐந்தாறு நாளில் பாட்டில் கழுத்தில் மெல்லிய வளையம் ஒன்று படிகிறது; எலுமிச்சைத் தோலின் எண்ணெய் மேலேறி ஒட்டுவது என்று நினைக்கிறேன். அடுத்த முறை தோலைப் பத்து நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் வைத்து, ஓர் எலுமிச்சைக்குப் பதில் நார்த்தங்காய்த் தோல் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். பத்து நாளுக்கு மேல் எதையும் வைப்பதில்லை, குளிர்பெட்டிக்கு வெளியே ஒரு நாளும் வைப்பதில்லை. சனிக்கிழமைக்கு இரண்டு பெட்டி சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் என் பெட்டியின் மேல் சாக்கட்டியால் 'டீச்சர் இஞ்சி, விற்பனைக்கு இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் யாரோ கேட்டு, அவரும் ஒன்றை விற்றுவிட்டாராம். வாங்கியவர் மறுநாள் வந்து இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார். எதோடு சேர்த்துக் குடித்தார் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.